படம் தெளிவா இருக்கு, சரி. அப்புறம்?

வேலூரில் ஒரு கல்லூரி விழா. நிலக்காட்சிப் படப் போட்டிக்கு நடுவராக வரச் சொல்லியிருந்தார்கள். நடுவர்கள் இரண்டே பேர்: நானும், குடியாத்தம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்திய ஒரு பெரியவரும். மேசை மேல் 12-க்கு 18 அங்குல அச்சுகள் வரிசையாகக் கிடந்தன. கழித்துக் கழித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு படங்களில் வந்து நின்றோம்.

முதல் படம் ஏலகிரியில் எடுத்தது. விடியற்காலை. கீழே பனிமூட்டம், அதற்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக மலை மடிப்புகள், வானத்தில் ரோஜா நிறம். முன்னால் கிடக்கும் பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக்கூட எண்ணிவிடலாம். இரண்டாவது படம் பாலாறு. மே மாதத்து உச்சி வெயில். படம் முழுக்க மணல். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓர் ஊற்றுக்குழி, அதன் விளிம்பில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம். ஆள் இல்லை, குழி வரைக்கும் போகிற காலடித் தடம் மட்டும் இருக்கிறது. தூரத்து மலை கானலில் நெளிகிறது. வானம் வெள்ளைக் காகிதம். போதாததற்குத் தொடுவானம் வலப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது.

நான் ஏலகிரிக்குப் பத்துக்கு 9, பாலாற்றுக்கு 4 போட்டிருந்தேன். பெரியவரின் தாளை எட்டிப் பார்த்தேன். 6, 8 என்று இருந்தது.

“என்னண்ணா, வானம் சுத்தமா வெளுத்துப் போயிருக்கே?” என்றேன்.

“மே மாசம் பன்னெண்டு மணிக்கு நம்ம ஊர் வானம் வேற இன்னா கலர்ல இருக்கும் தம்பி?” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படம் எடுக்கப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, அதைவிட முக்கியமாகப் படம் பார்க்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு, அதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லலாம் என்று தோன்றியது.

ஒரு நிலக்காட்சிப் படத்தின் முன்னால் நின்றால் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று கைவேலை பற்றியது: கேமராவை ஒழுங்காகக் கையாண்டிருக்கிறாரா? இன்னொன்று பார்வை பற்றியது: அந்த இடத்தில் இவர் எதைக் கண்டார், அது நம்மிடம் வந்து சேர்ந்ததா? முதலாவதைத் தொழில்நுட்பத் தரம் என்பார்கள், இரண்டாவதைக் கலைப் பார்வை என்பார்கள். மதிப்பெண் தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, 50 இதற்கு, 50 அதற்கு என்று கொடுத்துவிடுகிறார்கள். சாம்பாருக்குத் தனி மார்க், உப்புக்குத் தனி மார்க் போடச் சொல்வது போலத்தான் இது. உப்பு சரியா இல்லையா என்பது சாம்பாரில் போட்ட பிறகல்லவா தெரியும்!

ஆனாலும் உப்பு என்றால் என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கைவேலையிலிருந்தே தொடங்குவோம்.

மங்கல் நாலு வகை

“படம் மங்கலா இருக்கு” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி நடுவர் ஆகிவிட்டோம்.

கை ஆடியிருந்தால் படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கும். தெருவிளக்கு, பாறையில் மின்னும் ஒரு பொட்டு, பனைமட்டையின் நுனி, இப்படிப் புள்ளியாக இருக்க வேண்டியதெல்லாம் குட்டிக் கோடாக நீண்டிருக்கும். கையில் பிடித்து எடுக்கும்போது 50 மி.மீ. லென்சுக்கு 1/50 நொடி, 200 மி.மீ. லென்சுக்கு 1/200 நொடி, அதற்கு மேல் ஷட்டரை மெதுவாக்காதே என்பது பழைய கணக்கு. கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி உள்ள இன்றைய கேமராக்களில் இன்னும் கொஞ்சம் சலுகை உண்டு. எதுவானாலும் ட்ரைபாட் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஃபோகஸ் தவறியிருந்தால் கதை வேறு. படத்தில் வேறு எங்கேயாவது கூர்மை உட்கார்ந்திருக்கும். மலையைக் காட்ட நினைத்தவர் முன்னால் இருக்கிற கள்ளிச்செடியைக் காட்டியிருப்பார். அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் தவறு என்ன என்று உறுதியாகச் சொல்லலாம்.

மூன்றாவது, காற்றில் இருக்கும் தூசும் ஈரமும். கிட்டே உள்ள பொருள்களின் விளிம்பு கச்சிதமாக இருக்கும். தூரம் போகப் போக வெளிறி, நீலம் பாய்ந்திருக்கும். இது படம் எடுத்தவரின் குற்றமில்லை, அன்றைய வானிலை. நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போயிருந்தால் அதே மலை பக்கத்து வீடு போலத் தெரிந்திருக்கும்.

நான்காவது கானல். சுட்ட மணலுக்கு மேல் நிற்கும் காற்று ஓர் இடத்தில் அடர்த்தியாகவும் பக்கத்திலேயே லேசாகவும் இருக்கும். அதன் வழியாக வரும் ஒளி வளைந்து வளைந்து வரும், மலை விளிம்பு நெளியும். எத்தனை லட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முதல் இரண்டும் கைவேலையில் வந்த கோளாறு. பின்னிரண்டும் அந்த இடமும் அந்தப் பொழுதும் படத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பாலாற்றுப் படத்தில் மலை நெளிந்ததற்கு நான் மார்க்கைக் குறைத்தேனே, அது இந்த நான்கையும் ஒரே கூடையில் போட்டதன் விளைவு.

கூர்மையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிலக்காட்சியில் பெரும்பாலும் காலடியில் கிடக்கும் கல்லும் தூரத்து மலையும் சேர்ந்து துல்லியமாக வேண்டும் என்று விரும்புவோம். லென்சுக்குள் இருக்கும் துவாரத்தைச் சுருக்கினால் அது கிடைக்கும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸ் போட்டு, துவாரத்தை எஃப் 11 வைத்து (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்), ஏறக்குறைய 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 90 செ.மீ. தூரத்திலிருந்து தொடுவானம் வரைக்கும் கூர்மையாக வரும். ‘அப்படியானால் எஃப் 22 வைத்தால் இன்னும் நன்றாக வருமே’ என்று தோன்றும். வராது. துவாரம் ரொம்பச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் பட்டுப் பரவி, படம் முழுக்க ஒரு மெல்லிய மழுங்கலைக் கொண்டுவந்துவிடும். ஏலகிரிப் படத்தை எடுத்த பையனுக்கு இதெல்லாம் அத்துப்படி. பாசியும் தெளிவு, கடைசி மடிப்பும் தெளிவு.

வெளிச்சமும் நிறமும்

கேமராவின் ஒளிமானி ஒரு வெகுளி. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறத்துப் பொருள் என்றே அடிப்படையில் எடுத்துக்கொள்ளும். வெயிலில் பளபளக்கும் பாலாற்று மணலைக் காட்டினால், ‘ஐயோ வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். மணல் சேறு மாதிரி வரும். நம் ஊரைச் சுற்றி நிற்கிற கரும்பாறைக் குன்றை மட்டும் காட்டினால் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று கூட்டிவிடும். பாறை சுண்ணாம்பு அடித்தது போல் வெளிறும். மணலுக்கு எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, கொஞ்சம் கூட்ட வேண்டும், கரும்பாறைக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். குழப்பமாகத் தோன்றினாலும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தால் பழகிவிடும். பாலாற்றுப் படத்தில் மணல் மணலாகவே வெள்ளையாக இருந்தது. அதாவது அந்தப் பிள்ளை ஒளிமானியின் பேச்சைக் கேட்கவில்லை. இது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை.

வெளுத்துப்போன இடத்தில் விவரமே பதிந்திருக்காது. பிறகு படம் திருத்தும் எந்தச் செயலியைக் கொண்டும் அதை வரவழைக்க முடியாது. இருண்ட இடமென்றால், சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம். அதனால்தான் வானத்தைக் காப்பாற்று, நிழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் வானத்தில் காப்பாற்ற ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

நிறத்தைப் பொறுத்தவரை, ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; நடுப்பகல் வெயிலை ஏறக்குறைய 5500 கெல்வின் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விடியலிலும் அந்தியிலும் அது மிகவும் இறங்கி மஞ்சள், செம்மை பக்கம் போய்விடும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் ‘மஞ்சள் அதிகமாக இருக்கிறதே’ என்று அதைச் சில சமயம் துடைத்துவிடும். நாம் எதற்காகக் காலையில் எழுந்து போனோமோ அதையே துடைத்துவிட்டுப் படத்தைக் கையில் கொடுக்கும்.

செயலியில் நிறத்தை ஏற்றுவது இதற்கு நேர் எதிரான நோய். காவேரிப்பாக்கம் ஏரிப் பாசன வயல்களை எடுத்துவிட்டு, பச்சையை இழுத்து இழுத்துக் கோயில் திருவிழா சீரியல் செட் வெளிச்சம் போல ஆக்கியிருப்பார்கள். எந்த நெல்லும் அந்தப் பச்சையில் விளையாது.

அச்சைக் கிட்டே வைத்துப் பார்த்தால் இன்னும் சில தெரியும். மலை விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு ஓடினால், கூர்மையையோ நிழல் வெளிச்சத்தையோ செயலியில் அளவுக்கு மீறித் தூக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வானத்தில் அங்கங்கே சாம்பல் பொட்டுகள் இருந்தால் சென்சாரில் தூசி. ஒரே வடிவ மேகம் இரண்டு இடத்தில் இருந்தால், நடுவில் ஓடிய மின்கம்பியை ஒட்டுப்போட்டு மறைத்திருக்கிறார்கள். தொடுவானம் சாய்ந்திருப்பதைப் பார்க்க ஒரு தாள் விளிம்பை மேலே வைத்தால் போதும்.

அச்சு அளவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 12-க்கு 18 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600-க்கு 5400, மொத்தம் 1.94 கோடிப் புள்ளிகள். 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகப் போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைக் கொண்டுபோய் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, கேமரா சரியில்லை என்று புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பார்வை எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னது எல்லாவற்றையும் எண்ணாலோ அளவுகோலாலோ சரிபார்க்கலாம். பார்வையை அப்படிப் பார்க்க முடியாது என்பதால் பலர் ‘அது அவரவர் ரசனை’ என்று கை கழுவிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பார்வை தடயம் விட்டுப் போகும். எங்கே நின்றார், எந்த நேரம், எதை உள்ளே விட்டார், எதை வெளியே நிறுத்தினார் என்பவைதான் அந்தத் தடயங்கள். அவற்றைப் படத்திலேயே வாசிக்கலாம்.

அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்று ஒரு பெரிய பாறை முகடு இருக்கிறது. 1927-இல் ஆன்செல் ஆடம்ஸ் என்ற இளம் புகைப்படக்காரர், ஃபிலிம் போலப் படம் பதியும் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு அதை எடுக்க ஏறினார். கடைசியில் மிஞ்சியது இரண்டே தகடு. ஒன்றை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். எடுத்து முடித்ததுமே, வானம் சாதாரணச் சாம்பலாகத்தான் வரும், அந்தப் பாறை முன்னால் நிற்கும்போது மனதில் எழுந்த பிரமிப்பு அதில் வராது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த தகட்டுக்கு அடர் சிவப்பு வடிகட்டியைப் போட்டார். சிவப்பு, வானத்து நீலத்தைத் தடுத்துவிடும். படத்தில் வானம் ஏறக்குறையக் கறுப்பாகி, பாறை மட்டும் தனியே எழுந்து நின்றது. கண்ணுக்குத் தெரிந்த வானம் அப்படி இல்லை. அவர் உணர்ந்தது அப்படி. பொத்தானை அமுக்கும் முன்பே முடிவான படத்தை மனதில் பார்த்துவிட வேண்டும் என்று பிற்பாடு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

இதில் கைவேலையும் பார்வையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன பாருங்கள். வடிகட்டி எந்த நிறத்தை என்ன செய்யும் என்று தெரியாதவருக்கு அந்தப் பார்வை வந்திருந்தாலும் தகட்டில் இறங்கியிருக்காது. வடிகட்டி மட்டும் தெரிந்தவருக்கு முதல் தகடே போதும் என்று தோன்றியிருக்கும்.

இதற்கு அயல்நாட்டுக்கே போக வேண்டும் என்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒரு கணக்கு நம்மிடமே இருக்கிறது: முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், விலங்கு, நீர், தொழில் எல்லாம் கருப்பொருள். அந்த நிலத்தில் மனிதருக்கு நேரும் உணர்வு உரிப்பொருள். முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்று உரையாசிரியர்கள் எழுதினார்கள். பாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் நிலக்காட்சிப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் பார்த்ததில்லை.

ஏலகிரிப் படத்தில் முதற்பொருள் அமோகம்: மலை, விடியல். கருப்பொருள் உண்டு: பனி, பாறை, பாசி. உரிப்பொருள்? எவ்வளவு நேரம் பார்த்தாலும் ‘அழகாக இருக்கிறது’ என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. பாலாற்றுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைத் திணைக்குப் பொழுது என்ன? வேனிலும் நண்பகலும். உரிப்பொருள் என்ன? பிரிவு. குழிக்குப் போன காலடி இருக்கிறது, குடம் இருக்கிறது, ஆள் இல்லை. ஆறே தண்ணீரைப் பிரிந்து கிடக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, மூன்று மாநிலங்களில் 348 கி.மீ. ஓடுவதாகப் பாடப்புத்தகம் சொல்லும் ஆற்றில், ஒரு குடம் தண்ணீருக்குக் குழி தோண்ட வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல அந்த வெளுத்த வானத்தைவிட நல்ல வானம் எங்கே கிடைக்கும்?

நடுப்பகலில் படம் எடுக்காதே என்ற விதி எங்கிருந்து வந்தது என்றும் யோசித்துப் பார்க்கலாம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும், மேடு பள்ளம் நிழலோடு தெரியும், நிறம் இதமாக இருக்கும். உண்மைதான். ஆனால் அந்தப் பொன்வெயில் நேரத்தைப் பற்றி வரும் பாடங்கள் பெரும்பாலும் வடக்கே தூரத்தில் இருக்கிறவர்கள் எழுதியவை. வேலூர் ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே சூரியன் செங்குத்தாக ஏறும். தொடுவானத்திலிருந்து 6 டிகிரி உயர மார்ச், செப்டம்பர் மாதங்களில் சுமார் 25 நிமிஷம்தான் ஆகும். 60 டிகிரியில் இருக்கும் ஆஸ்லோவில் அதே நாளில் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். ‘ஒரு மணி நேரம் இருக்கிறது’ என்று நம்பி பாலமதி மலையில் மெதுவாக ட்ரைபாட் விரிக்கிறவருக்கு வெயில் காத்திருக்காது. ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி நேரத்தில் நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடும். வட ஆற்காட்டின் வெளிச்சம் பெரும்பாலும் இந்த முரட்டு வெளிச்சம்தான். வருஷத்தில் பாதி நாள் நாம் வாழ்கிற வெளிச்சத்தைப் படம் எடுக்கத் தகாதது என்று ஒதுக்கிவிட்டால், அப்புறம் எந்த ஊரைப் படம் எடுக்கிறோம்?

எதை வெளியே நிறுத்துகிறோம் என்பதும் பார்வைதான். பாலாற்றை விடியலில் வெள்ளித் தகடாக எடுக்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போய், 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன ஆறும் அதுவேதான். ஒன்றைக் காட்டுவது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எதையாவது விட்டால்தான் படமே வரும். ஆனால் தெரிந்து விட்டாரா, கண்ணிலேயே படவில்லையா என்பது படத்தில் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மேசையில் வைத்துப் பார்க்கும்போது

பெரியவர் படம் பார்த்த விதத்தைச் சொல்கிறேன், நானும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். அச்சைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆறு அடி தள்ளி நின்றார். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். விவரங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் எங்கெங்கே நிற்கின்றன என்பது மட்டும் தெரியும். அப்புறம் படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். மலை, ஆறு என்ற பெயரெல்லாம் போய் வெறும் வடிவமாகத் தெரியும்போது எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிடும். கடைசியில்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். நான் நேர்மாறாக, முதலிலேயே மூக்கு ஒட்ட வைத்துப் பாசியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தள்ளி நிற்கும்போதே ‘இந்தப் படம் எதைப் பற்றியது?’ என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். ‘இதில் என்ன இருக்கிறது?’ என்பது வேறு கேள்வி. ‘மணலும் குடமும்’ என்பது இருப்பதன் பட்டியல். ‘காத்துக்கிடப்பது’ என்பது எதைப் பற்றியது என்பதன் பதில். இரண்டாவது பதில் வாய்க்கு வரவில்லை என்றால் படத்தின் மேல் தப்பா, நம் மேல் தப்பா என்று இன்னொரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

பிறகு கிட்டே போய்க் குறைகளைத் தேடலாம். ஒவ்வொரு குறைக்கும் நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அதை மனதுக்குள் சரிசெய்து பார். சரிசெய்த படம் இதைவிட நன்றாக இருந்தால் அது பிழை. சரிசெய்ததும் படம் நீர்த்துப்போனால் அது தேர்வு. சரிசெய்தும் ஒன்றும் மாறவில்லையென்றால் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

பாலாற்றுப் படத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். வெள்ளை வானத்தில் பஞ்சு பஞ்சாக நாலு மேகத்தை வையுங்கள். காலண்டர் ஆகிவிடும், வெக்கை போய்விடும். நெளிகிற மலையைத் துல்லியமாக்குங்கள். சூடு தணிந்துவிடும். சரி, தொடுவானத்தை நேராக்குங்கள். படம் இன்னும் நன்றாக ஊன்றி நிற்கிறது. ஆகவே சரிவு பிழை, நான் மார்க் குறைத்தது நியாயம். மற்ற இரண்டுக்கும் குறைத்தது அநியாயம்.

பெரியவர் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. “சரிஞ்சாத்தான் தம்பி தண்ணி வடிஞ்சு போன மாதிரி இருக்குது” என்றார். இப்படி எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துக்கொண்டே போகலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. கை நடுங்கி எடுத்ததைக் ‘கனவு நிலை’ என்றும், இருண்டதை ‘மர்மம்’ என்றும் விற்கிற ஆட்கள் உண்டு. வெளுத்த வானம் தேர்வு என்று நான் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், படத்தில் மற்றதும் அதன் பக்கம் நின்றது: பொழுது, மணலுக்குச் சரியாக வைத்த எக்ஸ்போஷர், தனியாக விட்ட குடம். ஒரு குறை தனியாள்போல நின்றால் சந்தேகப்படலாம். சரிவு தனியாகத்தான் நின்றது.

உழைப்புக்கு மார்க் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஜவ்வாது மலை ஏறினேன்’ என்று படத்தோடு கதை வரும். கேட்க நன்றாக இருக்கும். படத்துக்குள் அது இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதேபோல ஆவண மதிப்பு வேறு கணக்கு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டபோது பாலங்களில் நின்று ஆயிரக்கணக்கானவர்கள் போனில் படம் எடுத்தார்கள். ஆடியது, மங்கியது, பாதிப் படம் கைப்பிடிச் சுவர். ஆனாலும் அவை பத்திரப்படுத்த வேண்டியவை. அவற்றைக் கலைப் போட்டிக்கு அனுப்பினால் மட்டும்தான் வம்பு.

செயலியில் திருத்துவது ஏமாற்றா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் நிலவு எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல வருஷங்கள் அச்சு போட்டார். ஆரம்ப அச்சுகளில் வெளிறிய மேகங்களோடு இருந்த வானம், பிற்கால அச்சுகளில் ஏறக்குறையக் கறுப்பாகவே ஆகிவிட்டது. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999-இல் ரைன் நதியை எடுத்து, கரையில் இருந்த கட்டடத்தைக் கணினியில் நீக்கிவிட்டார். பச்சை, சாம்பல் பட்டைகள் மட்டும் மிஞ்சிய அந்தப் படத்தின் ஓர் அச்சு 2011-இல் 43 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இவையெல்லாம் கலை என்ற பெயரில் வெளிப்படையாக நடந்தவை. இயற்கைப் படம் என்ற பிரிவுக்கு அனுப்பும்போது எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று பல போட்டிகளில் விதியே இருக்கிறது. எந்தக் கணக்கில் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

ஏலகிரிப் படத்தை எடுத்தவரை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். அந்தக் கை சுலபத்தில் வராது. வேலூர்க் கோட்டை அகழியில் மதில் நிழலாடும் படம் போல, எல்லோரும் எடுக்கிற காட்சியை எல்லோரையும்விடத் துல்லியமாக எடுப்பது கற்றுக்கொள்ளும் காலத்தில் செய்தே ஆக வேண்டிய சாதகம். அதற்கு இரண்டாம் பரிசு கொடுத்தோம். நான் என் மார்க்கைத் திருத்திக்கொண்டதில் பாலாற்றுக்கு முதல் பரிசு. எட்டிலிருந்து அரை மார்க் குறைக்கப் பெரியவரை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன்.

பரிசளிப்பு முடிந்ததும் அந்தப் பாலாற்றுப் படக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். பெரியவர் விடவில்லை, நேரடியாகவே கேட்டார்: “ஏம்மா, அந்தத் தொடுவானத்தைச் சரிச்சு வச்சியே, வேணும்னுதானே வச்சே?”

அவள் அச்சை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். “சரிஞ்சா இருக்கு? அடக் கடவுளே. செருப்பைக் கரையிலேயே விட்டுட்டு இறங்கிட்டேன் சார். மணல்ல கால் வைக்க முடியல. ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு எடுத்தேன்” என்றாள்.

பெரியவர் என்னைப் பார்த்தார். அரை மார்க்கைத் திருப்பிக் கேட்கிற பார்வை அது.